திருகாணி அக்கா பதில் சொல்லாத கேள்வி

பிரவீன் என்னோடு வேலை பார்த்தவன்; நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன். போன மாதம் கூப்பிட்டு, "அக்கா, ஒரு நல்ல செய்தி" என்றான். நான் பல வருடம் எழுதிக்கொண்டிருந்த இணையக் கருத்துக்களத்தின் தமிழ்ப் பகுதியை இப்போது அவனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கேள்விகளுக்குத் தானாகவே பதில் எழுதும் செயலி ஒன்றை அதில் பொருத்தியிருக்கிறார்களாம். எங்கள் தீவுக்காரர்கள் எல்லோரையும் போல அவனும் பேச்சோடு ஒரு 'லா' சேர்த்துக்கொள்வான்.

"யாரு எப்பக் கேட்டாலும் உடனே பதில் லா. ஒரு கேள்விகூட அநாதையா நிக்காது. உங்க பழைய பதிலை எல்லாம் குடுத்துத்தான் படிக்க வச்சிருக்கோம். அச்சு அசல் நீங்க எழுதுற மாதிரியே எழுதுது. திட்டுறது மட்டும் இல்ல."

"திட்டு இல்லாம அது எப்படிடா என்னை மாதிரி ஆகும்?"

சிரித்தான். செயலியை அறிமுகப்படுத்தும்போது கூடவே போட, பழைய ஆள் என்ற முறையில் என் வேலை அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றான். சரி என்றேன். ஆனால் அவன் எதிர்பார்க்கிற கட்டுரை இதுவாக இருக்காது. 'ஒரு கேள்விகூட அநாதையாக நிற்காது' என்று அவன் சொன்னதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது. அதை அநாதையாக நிற்க விட்டவள் நான்தான்.

என் பெயர் பிலோமினா. மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவது என் வேலையாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிற வேலை" என்பேன். "வீட்டுலயும் அதேதானா?" என்று அவர்கள் கேட்பதற்குள் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிடுவார். படித்தது மின்னணுவியல். கொஞ்ச காலம் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதித்தேன், கொஞ்ச காலம் மென்பொருள் எழுதினேன். நானே எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி என்று தெரிந்ததும் மாறிக்கொண்டேன். அந்த வருடங்களில் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. இணையத்தில் இணைகிற எதையும் வாங்கின அன்றே திருகாணியைக் கழற்றிப் பார்ப்பேன். மின்விசிறி, குழந்தை பொம்மை, வைஃபை பெட்டி, கதவுமணியில் பொருத்துகிற கேமரா, எதுவும் தப்பவில்லை. அதனால் கருத்துக்களத்தில் எனக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் 'திருகாணி'. கொஞ்ச நாளில் அது திருகாணி அக்காவாகிவிட்டது.

அங்கே யார் என்ன கேட்டாலும் நான் பதில் எழுதிவிடுவேன். அது ஒரு வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர் பில் போடும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டார், எழுதினேன். ஒரு பெண், தன் புது ரைஸ் குக்கர் கைப்பேசியில் 'நீங்கள் இருக்கும் இடம்' கேட்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டாள். சோறு வேகுவதற்கு நீ புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறாயா பிடோக்கில் இருக்கிறாயா என்று அதற்கு என்ன கவலை என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினேன். ஒருவர், வீட்டுக் கதவுக்கு எண் பூட்டு போட்ட பிறகும் உள்ளே பழையபடி ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் போடுவதாகச் சொன்னார். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குடையும் பிடிக்கிற ஆளா நீங்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பூட்டுக் கட்சி, தாழ்ப்பாள் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஒரு வாரம் சண்டை நடந்தது. நான் பூட்டுக் கட்சித் தலைவி.

வேலையிடத்தில் எங்கள் மேலதிகாரி திரு. சிதம்பரம். ஒல்லியான மனிதர். அலுவலகக் குளிருக்கு எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. சாதாரணமாக என்னைப் 'பிலோ' என்பார். கோபம் வந்தால் 'மேடம்' என்பார். ஒரு நாளில் எத்தனை மேடம் விழுந்தது என்பதை வைத்தே அன்றைய நிலவரத்தை மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் அறிக்கை எழுத வேண்டும். எந்தப் பொருள், எங்கே ஓட்டை, நாங்கள் செய்ததை அவர்களும் செய்து பார்ப்பது எப்படி, அதை வைத்து ஒருவன் என்ன கெடுதல் செய்யலாம், எப்படி அடைக்கலாம். அவ்வளவுதான். அந்த அறிக்கையைச் சிதம்பரம் கண்ணால் படிக்கமாட்டார். எழுதியவரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டு வாசிப்பார். செய்தி வாசிக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வைப்பார்கள். இவர் குரலில் அதுவும் இருக்காது. 'பொறுப்பற்ற', 'படுமோசமான', 'நம்பவே முடியாத' என்று நான் ஆசை ஆசையாக எழுதி வைத்திருப்பேன். அந்த இடம் வந்ததும் நிறுத்துவார்.

"பிலோ, இது ஓட்டையா, உங்க கோபமா?"

"கோபம்தான் சார்."

"அப்ப எடுத்துருவோம். கோபத்தை அவங்களால சரிபண்ண முடியாது."

எடுத்துவிடுவார். பக்கம் பாதியாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் குரலில் அந்தப் பாதியைக் கேட்கும்போது, முன்பைவிட அதிகமாகப் பயமாக இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறிக்கை பொருளைத் தயாரித்தவர்களுக்கு மட்டும் போகும். அவர்கள் சரிசெய்ய மூன்று மாதம் தருவோம். அதுவரை நாங்கள் வெளியே மூச்சு விடக்கூடாது. சரிசெய்த பிறகுதான் ஊருக்குச் சொல்வோம். இந்த மூன்று மாதத்துக்கு எங்கள் அலுவலகத் தமிழர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. இதில் சிதம்பரம் கறாரானவர். வாய்ப்பூட்டில் இருக்கும் பொருளைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது, காப்பிக்கடையில் பேசக்கூடாது, கருத்துக்களத்தில் எழுதக்கூடாது. நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது.

"பொய் சொல்லச் சொல்லல" என்பார். "பேசாம இருங்கன்னுதான் சொல்றேன். பேசாம இருக்கிறது யாரு காதுலயும் விழாது."

நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிக் காவல் காத்தவர்கள் நாங்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் கைக்கு வந்தது ஒரு கதவுப் பூட்டு. அடுக்குமாடி வீடுகளில் எல்லோரும் சாவியை விட்டு எண் பூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். விலை குறைவு, கைரேகையும் எடுக்கும், திறக்கும்போது 'டிங் டிடிங்' என்று சின்னதாக ஒரு பாட்டு பாடும். அதனால் நிறைய வீடுகளில் மாட்டியிருந்தார்கள். கடையிலிருந்து வந்து மாட்டுகிறவர் முதலில் தன்னுடைய எண் ஒன்றைப் போட்டுச் சோதிப்பார். அதற்கு மாட்டுபவர் எண் என்று பெயர். பிறகு வீட்டுக்காரர் தன் எண்ணைப் பதிந்ததும் மாட்டுபவர் எண் அழிந்துவிடும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சோதனை மேசையில் நான் மாட்டுகிற ஆளாக நடித்தேன். என் தோழி வெய் லிங் வீட்டுக்காரியாக நடித்தாள். நான் என் எண்ணைப் போட்டேன். அவள் தன் எண்ணைப் போட்டு, கைரேகை வைத்து, எல்லாவற்றையும் கையேட்டில் இருக்கிறபடி செய்தாள். அடுத்த சோதனைக்கு அவள் திரும்பிய நேரத்தில், கை சும்மா இருக்காமல் என் பழைய எண்ணை அழுத்தினேன். டிங் டிடிங். பூட்டு திறந்துகொண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி அழித்தோம், மறுபடி பதிந்தோம், புதுப்பெட்டியைப் பிரித்தும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பாடிக்கொண்டு திறந்தது. அழிந்ததாகச் சொன்ன எண் உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

அறிக்கை போனது. தயாரிப்பாளர்கள் சார்பில் பூட்டை இங்கே விற்கும் நிறுவனத்திலிருந்து வந்த பதிலில், பூட்டு மாட்டும் எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பிக்கையானவர்கள், ஆகையால் ஆபத்து இல்லை என்றிருந்தது. நான் சிதம்பரத்தின் அறைக்குள் போய்க் கத்தினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்து, "நல்ல வேளை, மாட்டுறவங்களுக்கே அந்த நம்பர் உயிரோட இருக்குன்னு தெரியாது. கையேட்டை அவங்களும் நம்புறாங்க. அது தெரியாத வரைக்கும்தான் எல்லா வீடும் பத்திரம். நாம வாயைத் தொறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருத்துக்களத்தைத் திறந்தேன். 'மல்லி' என்ற பெயரில் ஒரு புதுக் கேள்வி, நாங்கள் சோதித்த அதே பூட்டைப் பற்றி.

"வணக்கம். என் வீட்டுல வெளி இரும்புக் கேட்டுக்கும் கதவுக்கும் இந்தக் கம்பெனிப் பூட்டுதான். மாட்டினது என் வீட்டுக்காரர். அவருக்கு வேலையே பூட்டு மாட்டுறதுதான். இப்ப நாங்க சேர்ந்து இல்ல. அவர் என் பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கியிருக்கேன். நம்பரை மாத்திட்டேன், அவர் கைரேகையை அழிச்சிட்டேன். இனிமே நான் பயமில்லாம தூங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

வழக்கம்போலப் பதில் அடிக்க விரல் போனது. தூங்கக்கூடாது அம்மா, அவன் வரலாம், அவன் எண் அங்கேயே இருக்கிறது. எங்கள் தீவிலேயே அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள் சில பேர். வாய்ப்பூட்டு எங்களுக்குத்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதற்கெடுத்தாலும் முதல் ஆளாக மூக்கை நுழைக்கும் ஓர் ஆசாமி, "நம்பர் மாத்திட்டீங்கன்னா முடிஞ்சது சிஸ்டர், கையேட்டுலயே இருக்கு, நிம்மதியா தூங்குங்க லா" என்று எழுதினான். அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சிதம்பரம் அப்போது கீழே காப்பிக்கடையில் இருந்தார். சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி. அதைக் கால் மணி நேரம் ஆறவைத்துத்தான் குடிப்பார். கைப்பேசியை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். இந்த முறை வாய்விட்டு வாசிக்கவில்லை.

"தனியா அவளுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பிடுறேன் சார்."

"அவங்க யாருன்னு தெரியுமா, பிலோ?"

"மல்லி."

"மல்லின்னு போட்டிருக்கு. எழுதினது யாரு? பொண்டாட்டி நம்பரை மாத்திட்டா, நான் போட்ட நம்பர் இன்னும் வேலை செய்யுமான்னு கேக்கணும்னு ஒரு புருஷன் நினைச்சா எப்படிக் கேப்பான்? இப்படித்தான் கேப்பான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. சந்தேகப்படுவதே தொழிலாக வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை என்பதும் ஆத்திரமாக இருந்தது, அவர் சொன்னது சரி என்பதும் ஆத்திரமாக இருந்தது.

"அப்ப பொதுவா எழுதுறேன். எந்தப் பூட்டா இருந்தாலும் உள்ள ஒரு தாழ்ப்பாள் போட்டுக்குங்கன்னு."

"இத்தனை வருஷத்துல யாருக்காவது தாழ்ப்பாள் போடச் சொல்லியிருக்கீங்களா? போட்டவரைக் கிண்டல் பண்ணின ஆள் நீங்க. நீங்க தாழ்ப்பாள்னு ஒரு வார்த்தை எழுதினா, அந்தப் பூட்டுல ஓட்டைன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரியும். மாட்டுற எல்லாருக்கும். எத்தனை வீடு?"

"அவ உயிருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவர் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம்" என்றார். கோபத்தில் சொன்ன மேடம் இல்லை அது. அவருக்கே வழி தெரியவில்லை.

நான் எழுதவில்லை. அன்று இரவு பார்த்தபோது வேறு இரண்டு பேர் வேறு எதையோ கேட்டிருந்தார்கள். வைஃபை பெட்டி ஒருவருக்கு, கண்காணிப்புக் கேமரா ஒருவருக்கு. வழக்கம்போல இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்குப் பதில் எழுதினேன். எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

சிதம்பரம் அன்று மதியமே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, அப்படியே டாக்சி பிடித்து, உபி வட்டாரத் தொழிற்பேட்டையில் இருந்த அந்த விற்பனை நிறுவனத்துக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் பார்க்க முடியாது என்றார்கள். "பரவாயில்ல, உட்கார்றேன்" என்று வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வெளியே போக வேறு வழி இல்லாததால் அவர் எங்களைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

சிதம்பரம் அறிக்கையை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், நின்றபடியே வாசித்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அறிக்கை முடிந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தைப் பார்த்தபடியே, அதில் எழுதியிராத ஒன்றை, மல்லியின் கேள்வியை, ஆங்கிலத்தில் சொன்னார். மாட்டினது என் வீட்டுக்காரர். நம்பரை மாற்றிவிட்டேன். இனிமேல் நான் பயமில்லாமல் தூங்கலாமா?

"இதுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்டார்.

அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் முதல் வீடு வீடாகப் போய்ப் பூட்டின் மென்பொருளை மாற்ற ஆள் அனுப்பினார்கள். 'இலவசப் பராமரிப்பு' என்று பெயர் வைத்தார்கள். எந்த வீடு மல்லியின் வீடு என்று யாருக்கும் தெரியாது. அவள் முறை எப்போது வரும் என்றும் தெரியாது. நான் தினமும் அந்தக் கேள்வியைத் திறந்து பார்ப்பேன். அவள் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. பூசையில் மன்றாட்டு நேரத்தில் எல்லோரும் நோயாளிகளுக்காக வேண்டும்போது, நான் முகம் தெரியாத ஒருத்தியின் கதவுக்காக வேண்டினேன்.

எல்லா வீடுகளுக்கும் போய்வந்த பிறகு, வாய்ப்பூட்டு விலகி, அறிக்கையை ஊருக்கு வெளியிட்டோம். அன்று மாலையே மல்லியிடமிருந்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று.

சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். உண்மையான பெயர் மல்லிகா. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். நிதானமாகப் பேசினாள். நான் என்ன சொல்லித் தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன், அவளே தொடங்கினாள்.

"நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன், அக்கா."

"எதுக்கும்மா? நான் பதிலே சொல்லலையே."

"அதுக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் தோசையைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கினாள்.

"கேள்வி போட்டுட்டு நீங்க என்ன சொல்றீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். மத்தவங்க சொன்னதை நான் எடுத்துக்கல. எனக்கு மேல ஒருத்தர் கேட்டிருந்தாரு, அவருக்குப் பதில். எனக்குக் கீழ ஒருத்தர், அவருக்கும் பதில். நடுவுல நான் மட்டும் நிக்கிறேன். சரி, பாக்கலபோலன்னு மூணு நாள் இருந்தேன். அப்புறம் உங்க பழைய பதிலை எல்லாம் தேடிப் படிச்சேன். ஒருத்தரைக்கூட விடல நீங்க. ரைஸ் குக்கருக்கு அரைப் பக்கம் எழுதின ஆளு, என் கேள்விக்கு ஒரு வரி எழுதலன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்குன்னு சொல்ல முடிஞ்சா சொல்லியிருப்பீங்க. சொல்ல முடியல. அதான் பதில்னு புரிஞ்சுது."

மறுநாளே தேக்கா பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் தடியான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, ஆளைக் கூப்பிட்டு உள்பக்கம் அடித்துவிட்டாளாம்.

"அப்புறம் ஒரு நாள் காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வீட்டுல படுத்திருந்தேன். மத்தியானம். இரும்புக் கேட்டு தொறக்கிற பாட்டு கேட்டுச்சு. அப்புறம் கதவுப் பாட்டு. கதவு ஒரு விரக்கடை நகர்ந்து தாழ்ப்பாள்ல முட்டி நின்னுச்சு. அந்தச் சந்துல இருந்து என் பேரைச் சொன்னாரு. சத்தம் போடல. மெதுவா, அன்பா கூப்பிடுற மாதிரி. அதுதான் அக்கா எனக்கு இன்னும் கேக்குது."

அவள் போலீசைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுச் சீன அம்மா தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, தாழ்வாரமே அதிரும்படி சத்தம் போட்டாராம். நீதிமன்ற உத்தரவை மீறினதற்கு அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் வீட்டுக்கு இலவசப் பராமரிப்பு ஆள் வந்தது அதற்கு அடுத்த வாரம்தான்.

நான் கடையிலேயே அழுதுவிட்டேன். ஆறுதல் சொல்ல வேண்டிய நான் அழ, அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் சிதம்பரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டார்தான், "தப்பிச்சாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, "அப்ப ஓட்டை நம்மகிட்டதான்" என்றார்.

"என்ன சார்?"

"பேசாம இருக்கிறது யாரு காதுலயும் விழாதுன்னு சொல்லிட்டிருந்தேன். அவங்க காதுல விழுந்திருக்கு. எழுதுங்க, பிலோ. அறிக்கை."

"யாரைப் பத்தி?"

"உங்களைப் பத்தி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. எந்தப் பொருள்: திருகாணி என்ற பெயரில் எழுதுபவர். எங்கே ஓட்டை: வாய்ப்பூட்டில் உள்ள பொருளைப் பற்றி மட்டும் பதில் எழுதுவதில்லை. எப்படிச் சோதிப்பது: ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும். முறைப்படி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எதிரே உட்காரவைத்து வாய்விட்டு வாசித்தார். எடுப்பதற்கு அதில் ஒரு கோபம்கூட இல்லை. கடைசி வரி, எப்படி அடைப்பது என்பது, காலியாக இருந்தது.

"இது சுலபம்" என்றார். "இனிமே நல்ல பொருளைப் பத்திக் கேட்டாலும் அப்பப்ப பதில் சொல்லாம விட்டுருங்க. ரைஸ் குக்கரை விடுங்க, கேமராவை விடுங்க. அப்ப நீங்க பேசாம இருக்கிறதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும்."

"மாட்டேன் சார்."

"மேடம்."

"நூறு மேடம் சொல்லுங்க. இந்த ஓட்டையை நான் அடைக்க மாட்டேன்."

"அவங்க படிச்சதை அவங்க புருஷனும் படிச்சிருக்கலாம்ல?"

"படிக்கட்டுமே. அவன்கிட்ட நம்பர் ஏற்கெனவே இருந்துச்சு. அவனுக்கு என்னைப் படிக்க வேண்டிய அவசியமே இல்ல, கதவுல அமுக்கிப் பாத்தாலே போதும். பாத்தானே. தெரியாம இருந்தது அவளுக்கு மட்டும்தான். நாம எல்லாக் கதவையும் காப்பாத்துறோம்னு சொல்லி அவளை மட்டும் இருட்டுல விட்டோம்."

அவர் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் தொழிலில் நான் அடியோடு வெறுத்த ஒரு வாசகம் உண்டு. ராத்திரி பகலாக உழைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அனுப்பினால், சோம்பேறி நிறுவனங்கள் அதை ஒற்றை வரியில் எழுதி மூடிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன். அவர் பேனாவை எடுத்து, காலியாக இருந்த கடைசி வரியில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'அறிந்ததே. சரிசெய்யப்போவதில்லை.'

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. ஓய்வு பெறும்வரை நான் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன், எழுத முடியாதவற்றைத் தவிர. எத்தனை பேர் அதைப் படித்துத் தாழ்ப்பாள் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் மறைக்க ஒரு பொருளும் இல்லாததால், இதை வெளியே சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி பிரவீனின் செயலி. அவன் கூப்பிட்ட மறுநாள் காலை உட்கார்ந்து அதைச் சோதித்தேன். கை சும்மா இருக்காது என்றுதான் சொன்னேனே. ரைஸ் குக்கரைப் பற்றிக் கேட்டேன். புக்கிட் பாத்தோக், பிடோக் எல்லாம் போட்டு என்னைப் போலவே எழுதியது. ரசித்துச் சிரித்தேன். பிறகு வேறு பெயரில் நுழைந்து, இப்போது கடைகளில் விற்கிற ஒரு பூட்டின் பெயரைப் போட்டு, மல்லிகாவின் கேள்வியை மற்றபடி ஒரு சொல் மாறாமல் கேட்டேன்.

பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'வணக்கம் சகோதரி. எண்ணையும் கைரேகையையும் மாற்றியது மிக நல்ல முடிவு. கையேட்டின்படி பழைய எண்கள் அனைத்தும் அழிந்துவிடும். ஆம், இனிமேல் நீங்கள் பயமில்லாமல் தூங்கலாம்.' கீழே சின்னதாக ஒரு நிலாப் படம்.

பிரவீனுக்கு அறிக்கை எழுதினேன். எந்தப் பொருள், எங்கே ஓட்டை, எப்படிச் சோதிப்பது. கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டு, பாதிப் பக்கம். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, கையேட்டுல அப்படித்தானே இருக்கு. அது வேற என்னதான் சொல்லணும்? நீங்களே பதிலை எழுதிக் குடுங்க, அதையே போட்டுடுறேன்."

சில வாரமாகிறது. இதற்கிடையில் தன் கார் கேமராவைப் பற்றிக் கேட்டான், உடனே எழுதினேன். அவன் அம்மாவின் புதுக் கைப்பேசியைப் பற்றிக் கேட்டான், அதற்கும் எழுதினேன். நடுவில் அவன் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை.